காலி சீட்டின் மணி

இதை யாரும் நம்ப வேண்டாம். இருசப்பனே பல நாள் நம்பவில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். இருட்டுகூட இல்லை. பட்டப்பகல். செவ்வாய்க்கிழமை, மதியம் 1.40.

கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் போகும் சாலையில் அவர்களுடைய கார் பட்டறை. இருசப்பனும் காசிநாதனும் கூட்டு. ஒரே மெக்கானிக் மாலை வகுப்பில் படித்தவர்கள். தேறியது இருசப்பன் மட்டும். அப்படியும் எதையும் மூன்று முறை சரிபார்க்காமல் விடமாட்டான். தன்மேல் அவனுக்கு அவ்வளவு சந்தேகம். காசிநாதன்மேல் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

அன்று நின்றது கல்வராயன் மலை வளைவில் மோதிய ஒரு வெள்ளைக் கார். ஐந்து மணிக்கு அதன் சொந்தக்காரர் கண்ணாயிரம் வந்து, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலைக்குக் கிளம்புவார். முன்சீட்டுக்கு எதிரே, மோதினால் விரிந்து ஆளைக் காக்கும் பையான ஏர்பேக்கை மாட்டியது காசிநாதன்.

"பை உள்ள இருக்குது மச்சான். பேட்டரி குடுத்து லைட்டு மட்டும் பாரு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான்.

இருசப்பன் முறைப்படி செய்தான். வண்டிக்குள் யாரும் இருக்கக் கூடாது. பேட்டரிக் கம்பியை மாட்டினான். வெளியே நின்றபடி கையை மட்டும் நீட்டிச் சாவியைத் திருப்பினான். சிவப்பு விளக்கு எரிந்தது. ஒன்று... இரண்டு... ஆறு எண்ணியதும் அணைந்தது. அணைந்தால் ஏர்பேக் தயார்.

1.46.

டிங்... டிங்... டிங்...

முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் பெல்ட் போடவில்லை என்று எச்சரிக்கும் மணி. சீட் காலி.

சாவியை உருவினான்.

டிங்...

பேட்டரிக் கம்பியைக் கழற்றினான்.

டிங்...

கம்பியைத் தொட்டுப் பார்த்தான். கழன்றுதான் கிடந்தது.

சீட்டின் மெத்தை அமுங்கியிருந்தது.

பெல்ட் மெல்ல இழுபட்டது... தானாக...

க்ளிக்.

மணி நின்றது.

1.49. டொக்... டொக்... அந்த சீட்டுக்கு எதிரே, டாஷ்போர்டை யாரோ விரலால் தட்டும் ஓசை.

வெற்றுப் பானை ஓசை.

உள்ளே பை இருந்தால் அப்படிக் கேட்காது.

டாஷ்போர்டு மூடியைக் கழற்றிக் கையை விட்டான். வெறும் பொந்து. பைக்குப் போக வேண்டிய மஞ்சள் கனெக்டரில் ஒரு ரெசிஸ்டர் சொருகியிருந்தது.

2.05க்குக் காசிநாதன் வந்தான்.

"இன்னாடா, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?"

"உள்ள பை இல்ல காசி."

"கெடைக்கல. ரெசிஸ்டர் சொருகினா, பை இருக்குதுன்னு வண்டியே நம்பிக்கும். லைட்டு ஆஃப் ஆச்சில்ல? வுடு."

"எத்தினி வண்டியில இப்படி?"

காசிநாதன் காருக்குள் பார்த்தபடி நின்றான்.

"டேய்... பெல்ட்ட யாரு மாட்டினது?"

ஐந்து மணிக்குக் கண்ணாயிரம் வந்தார். இருசப்பன் சாவியைத் தரவில்லை. உண்மையைச் சொன்னான்.

அவர் வண்டிக் காகிதங்களிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். போன ஆவணியில் இதே காருக்கு, இதே பட்டறையில் புது ஏர்பேக் மாட்டியதாக எழுதிக் கொடுத்த சான்று. அந்த வாரம் இருசப்பன் ஊரிலேயே இல்லை. எழுத்து காசிநாதனுடையது. கையெழுத்தில் இருந்த பெயர், இருசப்பன்.

"இத நம்பித்தான் என் சம்சாரம் செல்லியம்மா முன்சீட்டுல ஒக்காந்து மலைக்கு வந்தா. மோதினப்போ பை விரியல. விதின்னு நெனச்சேன். ஆஸ்பத்திரிக்குப் போற வழியில, 'யாருங்க சரி பண்ணது'ன்னு கேட்டா. இதுல இருந்த பேரச் சொன்னேன். உசுரு போற வரைக்கும் ஒம் பேரத்தான் சொல்லிக்கினே இருந்தா தம்பி."