மூன்று பேராகத் திருப்பதிக்கு

காலை ஆறரைக்குச் சித்தூரில் ரயில் ஏறினோம். நான், என் அண்ணன், எங்கள் தம்பி முருகேசன். திருப்பதி நாற்பத்தைந்து மைல். மூன்றாம் வகுப்பு ஒருவருக்கு ஒரு ரூபாய் ஆறணா. போகவரச் சேர்த்தே டிக்கெட் எடுத்துவிட்டதாக அண்ணன் சொன்னார். முருகேசனுக்குப் புது வேட்டியும் அவர்தான் வாங்கியிருந்தார். எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

முருகேசனுக்கு இருபத்துமூன்று வயது. கூப்பிட்டால் திரும்பமாட்டான். நாம் கேட்டதையே திருப்பிக் கேட்பான். சத்தம் வந்தால் அலறுவான். ஊரில் பைத்தியம் என்பார்கள். அடுத்து என்ன நடக்கும் என்று முன்னாடியே சொல்லிவிட்டால் போதும், அமைதியாக இருப்பான். இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஆறு வருஷம் ஆனது. பாகாலா ஸ்டேஷனில் ரயில் கிளம்புமுன், "இப்ப ஊதுவான், பெருசா ஊதுவான்" என்று சொல்லி வைத்தேன். துண்டால் காதை மூடிக்கொண்டு சும்மா இருந்தான்.

எதிரே சந்திரகிரிக்குப் போகிற வெற்றிலை வியாபாரி ஒருவர். "ஆந்திரா தனியா வந்துடுச்சி, நம்ம எல்லைத் தகராறுதான் இன்னும் தீரல. நீங்க எந்தப் பக்கம்?"

"நீங்க எந்தப் பக்கம்?" என்றான் முருகேசன்.

"பாரும்மா! ஆபீசருங்களும் இதையேதான் கேட்டுக்கினு கீறாங்க!" வண்டியே சிரித்தது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

பத்தேகாலுக்குத் திருப்பதி. பஸ்ஸில் மலையேறினோம். மொட்டை போடும் இடத்தில் எனக்கு உயிரே இல்லை. அவன் தலையை அவன் கையாலேயே நனைக்கவிட்டு, கத்தியைத் தூரத்தில் காட்டிவிட்டு அப்புறம் வையுங்கள் என்று கெஞ்சினேன். "ஏமம்மா, மாப்பிள்ளைக்கு இத்தினி உபசாரமா?" என்றார் நாவிதர். ஆனாலும் அப்படியே செய்தார். முருகேசன் அலறவில்லை.

மறுநாள் பகல் பதினொன்றுக்குக் கீழே இறங்கிச் சத்திரத்தில் தங்கினோம். வாசல் சுவரோரம் ஒருவர் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அச்சு அசல் முருகேசன் ஆடுவதுபோலவே. வேட்டி முனையில் புதுத்துணிக்கு வைக்கிற மஞ்சள்கூட அழியவில்லை.

"யாரும்மா அவரு?" என்று இட்லிக்கார அம்மாவைக் கேட்டேன்.

"போன வாரம் கூட்டியாந்தாங்க. 'இங்கியே குந்து, தோ வரேன்'னு போனவங்க வரல. இது மொத ஆளா இன்னா?"

முருகேசனின் புது வேட்டியைப் பார்த்தேன். அண்ணன் குளிக்கப் போயிருந்தார். அவர் சட்டைப்பையில் கைவிட்டேன். திரும்புகிற டிக்கெட் இரண்டுதான் இருந்தது.

"இன்னாண்ணா இது?"

ஈரத் தலையோடு நின்றார். "வெதுருகுப்பத்துலருந்து அடுத்த வாரம் பொண்ணு பாக்க வராங்க. இவன் நடுவூட்டுல நின்னு அலறினா எம்பொண்ண எவன் கட்டுவான்? இங்க சோத்துக்குக் கொறையில்ல. சாமி பாத்துக்கும்."

"ரயில் ஊதப்போவுதுன்னு சாமி வந்து இவங்கிட்ட சொல்லுமா?"

"புருஷன் போயி என் வூட்டுச் சோறு துன்றவ நீ. வாய அடக்கு."

நான் டிக்கெட்டைத் திருப்பித் தரவில்லை. "நானும் அவனும் போறோம். நீ குந்து இங்க" என்றேன். என் வாயிலிருந்தா அது வந்தது என்று இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

மூன்று மணி வண்டி. அண்ணன் பின்னாலேயே வந்து பிளாட்பாரத்தில் நின்றார். முருகேசன் ஏறவில்லை. எந்த வண்டியானாலும் அண்ணன் ஏறினபிறகுதான் அவன் ஏறுவான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா ஏறணும், அண்ணா ஏறணும்" என்றான். கார்டு கத்துகிறார். நான் தள்ளுகிறேன். அவன் அசையவில்லை.

அண்ணன் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு டிக்கெட் ஜன்னலுக்கு ஓடினார். மூச்சிரைக்க வந்து ஏறினார். அவர் பின்னாலேயே முருகேசனும் ஏறினான்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்தோம். கதவைத் திறந்த அண்ணி முருகேசனைப் பார்த்ததும் பின்வாங்கினாள். உள்ளே, அவன் படுக்கிற மூலையில் வேர்க்கடலை மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள்.

முருகேசன் அதன் முன்னால் போய் நின்றான். நான் முதல் மூட்டையைப் பிடித்து இழுத்தேன்.