எண்ணெய் ஒரு சொட்டு

எங்கள் வீட்டில் எண்ணெய் என்றால் ஒரே எண்ணெய்தான். ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அம்மா கறிவேப்பிலையும் வெந்தயமும் போட்டுக் காய்ச்சி, பழைய சோடாப் போத்தலில் ஊற்றி, வாயைப் பொலித்தீன் துண்டால் இறுக்கிக் கட்டி, மாதம் ஒரு முறை பஸ் கொண்டக்டரிடம் கொடுத்தனுப்பும் தலை எண்ணெய். மற்றவற்றுக்கெல்லாம் வேறு பெயர் இருந்தது. அடுப்புக்கு ஊற்றுவது மண்ணெண்ணெய். பொரிக்க வாங்குவது கடை எண்ணெய். மெஷினுக்கு விடுவது ஒயில். இதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை, அப்பா ஒரு நாள் நல்ல தமிழில் எழுத முடிவு செய்யும் வரைக்கும்.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பாவும் நானும் பேராதனைக்குப் போகும் வீதியில் ஒரு வீட்டின் பின்னறையில் குடியிருந்தோம். நான் டவுன் பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டும் என்பதற்காக வந்த குடித்தனம் அது. அம்மா தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து எடுத்தால்தான் தோட்டம் கொடுத்த ஒற்றை அறை லயக் காம்பரா எங்களுக்கு நிற்கும் என்பதால், அம்மாவும் மூன்று வயதுத் தம்பியும் மேலே. நானும் அப்பாவும் கீழே. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாங்கள் நான்கு பேர்.

அப்பா வேலை செய்தது டவுனுக்கு வெளியே ஒரு மலைச்சரிவில் இருந்த சிறிய துப்பாக்கி சுடும் கிளப்பில். புல் வெட்டுவது, இலக்கு அட்டைகளைக் கட்டுவது, சுட்டு முடிந்த பிறகு துப்பாக்கிகளைத் துடைத்து வைப்பது அவருடைய வேலைகள். கிளப்பின் செயலாளர் ஓய்வு பெற்ற ஒரு சிங்களத் தோட்டத்துரை. தோட்டத் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார். ஜனவரியில் வெளியூர் அணியொன்று போட்டிக்கு வருகிறது, அது ஒழுங்காக நடந்தால் உன்னை நிரந்தரமாக்கிக் கடிதம் தருகிறேன் என்று அவர் அப்பாவிடம் சொல்லியிருந்தார். நிரந்தரமானால் மைதானத்துக்குப் பின்னால் இருந்த இரண்டறைக் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். குவார்ட்டர்ஸ் கிடைத்தால் அம்மா பேரை வெட்டிவிட்டு இறங்கி வந்துவிடலாம்.

அந்த இரண்டு அறைகளையும் நான் காலடியால் அளந்து வைத்திருந்தேன். முன்னறை பதினொன்றுக்கு ஒன்பது. அலுமாரி எங்கே, தம்பி தூங்கும் இடம் எங்கே, அம்மாவின் சீப்பு தொங்க வேண்டிய ஆணி எது என்று கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் இருந்தது. ஆணி ஏற்கனவே சுவரில் இருந்தது. அதனால் அதற்கு நேரே சரி போட்டுவிட்டேன்.

அந்த டிசம்பரில் மழை நிற்கவில்லை. கிளப்பின் ஸ்டோர் கூரை ஒழுகி, மெகசின்கள் இருந்த பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. மெகசின் என்றால் படம் போட்ட புத்தகம் என்று அதுவரை நினைத்திருந்தேன். இது தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியின் அடியில் மாட்டும் சிறிய தகரப் பெட்டி. உள்ளே ஒரு ஸ்பிரிங், அதன் தலையில் ஒரு தட்டு. ஒரு தோட்டா போனதும் ஸ்பிரிங் தட்டை மேலே தள்ளி அடுத்ததைக் கொடுக்கும். அந்தத் துப்பாக்கிகளுக்கு அப்பாவைவிட வயது கூட. மெகசின்களுக்கும் அப்படித்தான். மொத்தம் பன்னிரண்டு, ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்ட்டில் இலக்கம்.

பகலில் நேரம் கிடைக்காததால், ஜனவரியில் போட்டி நடந்த வாரத்தில் அப்பா அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். தோட்டாவும் இல்லை, துப்பாக்கியும் இல்லை, பிஸ்கட் டின்னுக்குள் வெறும் தகரப் பெட்டிகள். ஆனாலும் வழியில் பஸ்ஸை நிறுத்திச் சோதிக்கும் காலம் அது என்பதால், துரையிடம் சிங்களத்தில் கடிதம் எழுதி வாங்கி, முத்திரை குத்தி, அதைப் பொலித்தீனில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினார். அறைக்குள் வந்த பிறகும் மூன்று முறை பையைத் தொட்டுப் பார்த்தார். சுகமில்லை என்று பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கும் கடிதம்போல் இதுவும் ஒன்று என்று நான் நினைத்துக்கொண்டேன். "யார்கிட்டயும் சொல்லிறாத பாப்பா" என்றார். சொல்வதற்கு எனக்கு யாரும் இருக்கவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

வியாழக்கிழமை அவர் ஆறு மெகசின்களை முடித்தார். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்தேன். தொடக்கூடாது என்று உத்தரவு. பார்க்கக்கூடாது என்று உத்தரவு இல்லை. அடியிலுள்ள மூடியை நகர்த்தினார். ஸ்பிரிங் துள்ளி ஓடாதபடி பெருவிரலை வைத்து மெல்ல வெளியே விட்டார். தோட்டாக்களின் மெழுகும் துருவும் சேர்ந்து உள்ளே கறுப்பாக ஒட்டிக் கிடந்ததை மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பல் பிரஷால் தேய்த்தார். மேல் விளிம்பு இரண்டையும் உதடு என்றார். உதடு கொஞ்சம் கோணினாலும் தோட்டா தலையை நிமிர்த்திக்கொண்டு சிக்கிவிடுமாம். கடைசியில் சட்டைப் பையிலிருந்து பெருவிரல் அளவுத் தகரக் குப்பியான ஒயில் கானை எடுத்து ஒரு சொட்டு விட்டு, அதையும் பெனியன் துணியால் துடைத்தெடுத்தார். துடைத்தெடுப்பதற்கு எதற்காக விட வேண்டும் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

இந்த வேலையெல்லாவற்றையும் ஸ்டோர் சுவரில் ஒட்ட எழுதிக் கொடு என்று துரை கேட்டிருந்தார். சுவரில் ஒட்டுவது என்றால் நாலு பேர் படிப்பார்கள். அப்பா பென்சிலை நக்கிக்கொண்டு அட்டையொன்றில் அழகான எழுத்தில் எழுதினார். மூடியைக் கழற்றுக. சுருள் கம்பியை எடுக்க. மண்ணெண்ணெயில் கழுவுக. துணியால் துடைக்க. உதடு கோணியுள்ளதா பார்க்க. எண்ணெய் ஒரு சொட்டு. வாழ்நாள் முழுவதும் ஸ்பிரிங் என்றும் ஒயில் என்றும் சொன்ன மனிதர், எழுத்து என்றதும் இங்கிலீசை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

வெள்ளிக்கிழமை போட்டிக்கு முதல் நாள். பந்தல் போடும் வேலையில் வரத் தாமதமாகும் என்று சொல்லிவிட்டு ஒயில் கானோடு போய்விட்டார். நான் பள்ளிக்கூடம் விட்டு இரண்டு மணிக்கு அறைக்கு வந்தேன். தினமும் அப்படித்தான். சோற்றைச் சாப்பிடுவேன். தட்டைக் கழுவுவேன். வீட்டுப்பாடம் செய்வேன். மலைப்பக்கம் போகும் பஸ்களை ஜன்னலிலிருந்து எண்ணுவேன். முன்வீட்டு முஸ்லிம் அக்காவை ராத்தா என்று கூப்பிடுவேன், அவர் ஒரு முறை எட்டிப் பார்ப்பார்.

"வாப்பா வரல்லியா மகள்? தனிய இரிக்க பயமில்லியா?"

"பயமில்ல ராத்தா."

"அப்ப சரி" என்று அவர் போய்விடுவார். ஆம் என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று பிறகு யோசித்துக்கொண்டிருப்பேன்.

அன்று ராத்தா போனதும் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். ஏழிலிருந்து பன்னிரண்டு வரை துருவோடு அப்படியே இருந்தன. அட்டையை முன்னால் சாய்த்து வைத்து ஒவ்வொரு வரியாகச் செய்தேன். ஒன்பதாம் இலக்கத்தின் ஸ்பிரிங் மட்டும் துள்ளிக் கட்டிலுக்கடியில் போனது. மற்றபடி ஒரு பிழையும் இல்லை. கடைசி வரிக்கு வந்ததும் எழுந்துபோய் அலுமாரிக்கு மேலிருந்து எண்ணெய்ப் போத்தலை எடுத்தேன்.

ஒரு சொட்டு உள்ளே எங்கே போனது என்றே தெரியவில்லை. துருப் பிடித்திருப்பதற்கு ஒரு சொட்டு போதாது என்று தோன்றியது. அம்மா என் தலைக்கு வைப்பதுபோல் உள்ளங்கையில் ஊற்றி, ஸ்பிரிங்கின் சுருள்களுக்குள்ளும் தட்டின் ஓரங்களிலும் தேய்த்துவிட்டேன். அட்டையை நான் மீறிய ஒரே இடம் அது. பிறகு தட்டை விரலால் அழுத்தி விட்டுப் பார்த்தேன். டக் என்று மேலே வந்தது. ஆறும் டக், டக் என்று வந்தன. ஜன்னலில் மூன்று மணி வெயில். இப்போது நான் மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். பயிற்சிக்கு வருகிறவர்களிடம், சோதித்துப் பார்த்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள், எந்த வெப்பநிலையில் சோதித்தீர்கள் என்றும் எழுதுங்கள் என்கிறேன். ஏனென்று அவர்கள் கேட்பதில்லை.

அப்பா நனைந்து வந்தார். மிச்ச ஆறையும் இனித்தான் செய்ய வேண்டும் என்று டின்னைத் திறந்தார்.

"நானே செஞ்சிட்டேம்பா. நீங்க எழுதி வச்ச மாதிரியே."

ஒன்றை எடுத்து அழுத்தினார். டக். என்னைப் பார்த்தார், மெகசினைப் பார்த்தார். அறை முழுக்க மண்ணெண்ணெய் நாற்றம். வேறு எதுவும் மூக்கில் ஏறாது. "அடேயப்பா" என்றார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான். சாப்பிட்டதும் உடனே தூங்கிப்போனார்.

அந்த மலையில் ஜனவரிக் காலை எப்படி இருக்கும் என்பதை அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் விடிந்ததும் புறப்பட்டபோது போத்தலில் இருந்த எண்ணெய் வெள்ளையாக உறைந்திருந்தது. அது எல்லா ஜனவரியிலும் உறையும். பள்ளிக்கூட நாட்களில் அதை அடுப்புப் பக்கத்தில் வைத்து இளக்கித்தான் தலைக்கு வைப்பேன். அதைப் பார்த்துக்கொண்டேதான் அறையைப் பூட்டினேன். ஒன்றும் தோன்றவில்லை.

எனக்குக் கயிற்றுக்குப் பின்னால் ஒரு கதிரை கிடைத்தது. அங்கிருந்து குவார்ட்டர்ஸின் கதவு தெரிந்தது. எங்கள் அணியில் ஆறு பேர், ஆளுக்கு இரண்டு மெகசின், சுட்டு முடிக்க இத்தனை நிமிடம் என்று கணக்கு. ஒன்றிலிருந்து ஆறு வரை நன்றாக ஓடின. அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். பிறகு எல்லோரும் அடுத்த மெகசினை மாட்டினார்கள். கிளிக் என்றது ஒரு துப்பாக்கி. பக்கத்தில் இன்னொரு கிளிக். வெடிக்க வேண்டிய இடத்திலெல்லாம் வெறும் கிளிக். தட்டு எழும்பவில்லை, தோட்டா ஏறவில்லை. ஒருவர் மெகசினைக் கழற்றித் தொடையில் தட்டினார். நிமிடங்கள் போய்விட்டன.

துரை ஒன்பதாம் இலக்கத்தை வாங்கி, தோட்டாக்களை எடுத்துவிட்டுத் தட்டை அழுத்தினார். அது அழுத்திய இடத்திலேயே நின்றது. ஓரத்தை நகத்தால் சுரண்டினார். நகத்தில் வெண்ணெய்போல் வெள்ளையாக வந்தது.

"என்னப்பா இது? தேங்கா எண்ணெயா?"

டவுனில் புடைவைக் கடை வைத்திருந்த ஒரு உறுப்பினர் அதை வாங்கி முகர்ந்தார். "வெந்தயமும் போட்டிரிக்கு தொரை! தலைய வாரி பூவும் வச்சி அனுப்பியிருக்கலாமே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வெளியூர்க்காரர்களுக்குத் தமிழ் தெரியாது. யாரோ மொழிபெயர்த்ததும் அவர்களும் சிரித்தார்கள்.

"நான்தாங்க தொரை போட்டேன்" என்றார் அப்பா.

"ஒனக்குமா தெரியாது இது? ஒயில் எங்க?"

"தீந்துபோச்சுங்க."

தீரவில்லை. காலையில் அவர் கானைச் சட்டைப் பையில் போட்டதை நான் பார்த்திருந்தேன். துரைக்கு முன்னால் நிற்கும்போதும் அது பையில் புடைத்துக்கொண்டிருந்தது. அப்பா மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். யார் துடைத்தது என்பதையும் கான் எங்கே இருக்கிறது என்பதையும் ஞாபகப்படுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கதிரையிலிருந்து எழுந்தேன். அவர் என்னைப் பார்த்தார். அதட்டவில்லை, தலையைக்கூட ஆட்டவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்பது மணிக்கு மூடுபனி விலகி வெயில் ஏறியது. மேசையில் கிடந்த ஆறு மெகசின்களும் ஒவ்வொன்றாகத் தாமாகவே டக், டக் என்று எழும்பின. அதற்குள் பலகையில் புள்ளிகளை எழுதி முடித்திருந்தார்கள். துரை அப்பாவை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிரந்தரமாக்கும் கடிதத்தை அடுத்த வருஷம் பார்ப்போம் என்றார், நல்ல குரலில்தான் சொன்னார். நாங்கள் புறப்படும்போது குவார்ட்டர்ஸ் கதவு திறந்திருந்தது. பந்தலுக்கு வந்த பிளாஸ்டிக் கதிரைகளை முன்னறைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆணியில் யாரோ ஒரு கயிற்றுச் சுருளை மாட்டியிருந்தார்கள்.

பஸ்ஸில் பிஸ்கட் டின் அவர் மடியில் இருந்தது. ஏச்சுக்காக நான் காத்திருந்தேன். ஒவ்வொரு தரிப்பிடத்திலும் அது அடுத்த தரிப்பிடத்தில் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

அறைக்கு வந்ததும் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்தார். ஏழாம் இலக்கத்தின் மூடியைக் கழற்றினார். கழுவுவதற்கு முன் அதை மூக்கருகில் கொண்டுபோய், கண்ணை மூடி, கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு கழுவினார். எட்டுக்கும் அப்படியே. ஒன்பதுக்கும். பழுது எங்கே என்று தேடுகிறார் என்று நினைத்தேன். மூக்கால் பழுது கண்டுபிடிக்கும் முறை அட்டையில் இல்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பன்னிரண்டாம் இலக்கத்தை அவர் திறக்கவில்லை. அம்மாவின் எண்ணெயோடு அப்படியே துணியில் சுற்றித் தன் தலையணைப் பக்கத்து ஜன்னல் கட்டையில் வைத்தார்.

"அத கழுவலையாப்பா?"

"திங்கக்கெழமை பாத்துக்கலாம் பாப்பா."

களைத்துப்போய்விட்டார் என்று நினைத்தேன். கணக்குக் கொப்பியைத் திறந்து, குவார்ட்டர்ஸ் பட்டியலுக்குக் கீழே, பன்னிரண்டு மட்டும் மிச்சம் என்று எழுதி வைத்தேன். அவர் மறந்துவிடக்கூடாது என்பதற்காக.