இக்னேஷியஸ் சாய்த்த தூண்

ராயபுரத்தில் ரயில்வே கேட்டைத் தாண்டி இருக்கும் அந்தப் பழைய மாதா கோயிலில், கடல் பக்கத்து வரிசையில் மூன்றாவது தூண் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அதைச் சாய்த்தது யார் என்று கேட்டால் அந்தக் கோயிலின் பங்கில் பால் குடிக்கிற பிள்ளைகூடச் சொல்லும்: இக்னேஷியஸ்.

ஹார்பரில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டியவர் அவர். இளரத்தம் துள்ளிய காலத்தில் ஒரு திருவிழா அன்று, கோயிலுக்குள் நிறுத்தியிருந்த மரத்தேரை வெளியே எடுக்க ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். "அல்லாரும் தள்ளி நில்லு, நான் பாத்துக்கறேன்" என்று இவர் இறங்கினார். பார்த்துக்கொண்ட லட்சணம், தேரின் இரும்பு அச்சு போய்த் தூணில் மடேரென்று மோதியது. காரை உதிர்ந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"டேய், தூணு சாஞ்சிக்கீதுடா!" என்று கத்தினார் அவருடைய தோஸ்து பாஸ்கல்.

அன்றிலிருந்து அவர் பெயர் 'தூணு'. டீக்கடையில் தூணு, கல்யாண வீட்டில் தூணு. அவரும் சிரித்து வைப்பார். உள்ளுக்குள் பயம் அரித்துக்கொண்டே இருந்தது. பூசை நடக்கும்போது அது சரிந்துவிட்டால்? ஞாயிறுதோறும் மனைவி ஜானட் உள்ளே உட்கார, இவர் வாசலில் நின்று தூணையே பார்த்துக்கொண்டிருப்பார். அசைந்தால் கத்தி ஜனத்தை வெளியேற்ற வேண்டுமே! பிரசங்கத்தில் ஒரு வார்த்தை காதில் ஏறாது.

சுனாமி வந்துபோன பிறகு பழைய கட்டடம் என்றாலே எல்லோரும் பயந்தார்கள். பங்குச் சாமியார், கோயிலை லேசரால் அளக்க ஏற்பாடு செய்தார். வந்தவள் செங்கொடி, வியாசர்பாடிப் பெண், என்ஜினியர். மூன்று கால் ஸ்டாண்டில் ஒரு பெட்டியைப் பொருத்தினாள். அது சுழன்று சுழன்று, சுவர், தூண், கூரை என்று ஒளி பட்ட இடத்தையெல்லாம் புள்ளி புள்ளியாக அளந்து, கம்ப்யூட்டருக்குள் கோயிலை அப்படியே எழுப்புமாம்.

வருகிற ஞாயிறு இக்னேஷியஸின் பேத்திக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். பிள்ளைகளுக்கு இடம் போட்டிருந்ததோ அந்த மூன்றாவது தூணுக்கு அடியில். மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. அளக்கும்போது ஆள் நடமாட்டம் கூடாதென்று செங்கொடி எல்லோரையும் வெளியே அனுப்ப, இவர் மட்டும் தயங்கி நின்றார்.

"அந்த மூணாவது தூண நல்லா பாரும்மா. நாந்தான் சாச்சது."

"அல்லாத்தையும் பாக்கத்தான் வந்துக்கீறேன் நைனா. வெளிய நில்லுங்க."

வெள்ளிக்கிழமை முடிவு தெரிந்தது. சாமியாரும் பாஸ்கலும் திரையைச் சூழ்ந்துகொள்ள, இக்னேஷியஸ் ஜானட்டின் முதுகுக்குப் பின்னால் ஏறக்குறைய ஒளிந்து நின்றார். செங்கொடி ரொட்டியை வெட்டுவதுபோல் திரையில் கோயிலைக் குறுக்கே வெட்டிக் காட்டினாள். ஒரு தூண் இல்லை, கடல் பக்கத்து வரிசை முழுவதுமே சாய்ந்திருந்தது. பாதி உயரம்வரை எல்லாவற்றிலும் ஒரே அளவு சாய்வு. அதற்கு மேல் நேர் செங்குத்து.

"கட்டும்போதே இந்தப் பக்கம் மண்ணு எறங்கிக்கீது. கட்னவங்க அத்தப் பாத்துட்டு, மேல் பாதிய நேரா ஏத்திக்கீறாங்க. அப்பால அசைஞ்சிருந்தா மேல் பாதியும் சாஞ்சிருக்கும். இன்னிவரைக்கும் அசையவேல்ல. தைரியமா உள்ள உக்காரலாம்."

"அப்ப நான் மோதுனது?"

"காரை உதுந்துச்சு, அவ்ளோதான். அன்னிக்குத்தான் அல்லாரும் மொத தபா அண்ணாந்து பாத்துக்கீறீங்க, அதுவும் அந்த ஒரு தூண மட்டும்."

இக்னேஷியஸ் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "மெய்யாலுமா? மெய்யாலுமா?" என்று அழுதுகொண்டே சிரித்தார். பாஸ்கலுக்குத்தான் முகம் தொங்கிப்போனது.

"அப்ப இனிமே உன்ன இன்னான்னுடா கூப்புடறது?"

"எங்கம்மா ஒரு பேரு வெச்சுக்கீதுல்ல, அத்தச் சொல்லிக் கூப்புடு!"

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முதல் ஆளாக உள்ளே வந்து, மூன்றாவது தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். சாமியார் பிரசங்கத்தைத் தொடங்கியதும் தூங்கிப்போனார். குறட்டை வேறு. நாலு பேர் திரும்பி முறைத்தார்கள். பாஸ்கல் எழுப்பக் கையை நீட்டினார்.

ஜானட் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "வுடுண்ணா. இத்தினி வருசமா நமக்கெல்லாம் காவல் நின்ன மனுசன். பாப்பா முறை வரும்போது நானே எழுப்பறேன்."