குளிருக்கு ஒரு மூடி

கொடைக்கானல் ஏரியில் பெடல் படகு மிதிக்க வருகிறவர்களுக்குப் படகின் அடிவயிறு எப்படியிருக்கும் என்று தெரியாது. எனக்கு அது மட்டும்தான் தெரியும். இருபத்திரண்டு வருடமாகக் கவிழ்த்துப்போட்ட படகுகள் மேல் குனிந்து ஃபைபர் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். செல்ஃபி எடுக்கிறேன் என்று எழுந்து நின்ற மாப்பிள்ளைகள் மோதி உடைத்த படகு மூக்கெல்லாம் என்னிடம்தான் வரும். ஒட்டி, தேய்த்து, பெயின்ட் அடித்து அனுப்புவேன். மறுவாரம் அதே மூக்கு மறுபடி உடைந்து வரும். இந்தச் சோலியில் எனக்கு நல்ல பெயர். அந்த நல்ல பெயரால்தான் இவ்வளவும் வந்தது.

என் மகள் கடற்கரைப் பக்கம் கல்லூரிக்குப் போனாள். படிப்பு முடிந்தும் ஊர் திரும்பவில்லை. பலகைமேல் நின்று அலையில் சறுக்கும் விளையாட்டு அவளைப் பிடித்துக்கொண்டது. மலையில் பிறந்தவளுக்குக் கடலில் என்ன வேலை என்று போனில் கத்தினேன். கடைசியில் அவள் அம்மா நடுவில் புகுந்து ஒரு உடன்பாடு செய்துவைத்தாள். மாநில அணிக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள். அதில் தேறினால் அவள் இஷ்டம். தேறாவிட்டால் மலையேறி வந்து பி.எட். சேர்ந்து டீச்சர் வேலைக்குப் போக வேண்டும். மகள் ஒத்துக்கொண்டாள். பதிலுக்கு ஒன்று கேட்டாள்.

"இரவல் போர்டுல போயி நிக்க முடியாதுப்பா. நீங்க செஞ்சு குடுங்க. ஃபைபர் வேல தெரிஞ்ச அப்பாவ வச்சுக்கிட்டு நான் ஏன் ஊராங்கிட்டக் கேக்கணும்?"

எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. தோற்றால் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசையும் ஓடியது. இரண்டும் ஒரே மனதில்தான் ஓடின. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நவம்பரில் பயிற்சிக்குப் பத்து நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். மழை, மஞ்சு மூட்டம், வெயில் என்ற பேச்சே இல்லை. படகுப் பட்டறையின் ஒரு மூலையில் தெர்மாகோல் கட்டியை வைத்து, ஆறடி நீளத்துக்கு அவளே இழைத்துத் தேய்த்தாள். நான் என் பெரிய மனுஷத்தனத்தைக் காட்ட, ஒரு துண்டுத் தெர்மாகோல் மேல் படகு ரெசினை ஊற்றினேன். அது புஸ்ஸென்று கரைந்து நடுவில் ஓட்டை விழுந்தது.

"உங்க ரெசின் தெர்மாகோலத் தின்னுரும்ப்பா. இதுக்கு எபாக்சிதான்" என்று சிரித்தாள். பையிலிருந்து இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தாள். ஒன்றில் ரெசின், ஒன்றில் அதை இறுகவைக்கும் ஹார்டனர். இரண்டு பங்குக்கு ஒரு பங்கு; ஒரு கிராம் கூடவும் கூடாது, குறையவும் கூடாதாம். அவள் அம்மா கடைகளுக்கு ஹோம்மேட் சாக்லேட் செய்து கொடுக்கிறவள். அதற்கு வைத்திருந்த எடை மெஷினைத் தூக்கி வந்து மருந்துக்கடைக்காரர் மாதிரி நிறுத்துக் கலக்கினாள்; நான் பலகைமேல் ஃபைபர் துணி போட்டு ஒட்டினேன்.

எங்கள் பட்டறையில் எடை மெஷின் எல்லாம் கிடையாது. கண்ணளவுதான். குளிர்நாளில் ரெசின் இறுக நேரமாகும் என்பதால் ஹார்டனரில் ஒரு மூடி கூடுதலாக விடுவோம். 'குளிருக்கு ஒரு மூடி' என்று அதற்குப் பெயரே உண்டு. இங்கே வேலைக்குச் சேரும் எவனுக்கும் முதல்நாள் பாடம் அதுதான். அவளிடமும் சொன்னேன்.

"அது உங்க படகு ரெசினுக்குப்பா. இதுல கூட ஊத்துனா வெரசா காயாது, காயவே காயாது. ரப்பர் மாதிரி கெடக்கும்."

சரி சரி என்றேன். அவள் சொன்னது காதில் விழுந்தது. அதற்குமேல் போகவில்லை.

அடுத்து வந்தது செட்டைப் பிரச்சினை. பலகையின் அடியில், வால் பக்கம், மீனுக்கு இருப்பதுபோல மூன்று செட்டைகள் வேண்டும். அவள் அதை ஃபின் என்பாள். அது இல்லாவிட்டால் பலகை அலையில் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போய்விடும். அதை எப்படிப் பொருத்துவது என்பதில் இரண்டு நாள் மல்லுக்கட்டினோம்.

"கழட்டி மாட்டுற சாமானெல்லாம் ஒருநா தானாக் கழண்டுரும்மா. ஒரேயடியா ஒட்டிருவோம். என் படகுல எதையாச்சும் கழட்ட முடியுமா, சொல்லு."

"ஒட்டிட்டா ஒரு சாண் நீட்டிக்கிட்டு நிக்கும்ப்பா. பஸ்ல ஏத்த முடியாது. கண்டக்டர் வத்தலக்குண்டுலயே எறக்கி விட்டுருவாரு."

"பஸ்ல எதுக்கு ஏத்தணும்?"

"லீவுக்கு வீட்டுக்கு வர்றப்ப பிறகெப்படிக் கொண்டாரது? ஒடஞ்சா நீங்கதான ஒட்டணும்?"

அதற்குப் பிறகு ஒட்டுகிற பேச்சை நான் எடுக்கவில்லை. கழற்றுகிற வகையில் எது என்பது மட்டும்தான் பாக்கி. அவள் வாங்கி வந்திருந்த மாதிரிகளை மேசையில் பரப்பினாள். ஒன்றில் செட்டைக்கு அடியில் இரண்டு குட்டைப் பற்கள். பலகையில் புதைத்த இரண்டு சின்னக் கிண்ணங்களில் அவை உட்காரும். கடற்கரையில் எல்லாரும் வைத்திருப்பது அதுதான், தொலைந்தால் பக்கத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றாள். கிண்ணம் எனக்குப் பிடிக்கவில்லை. பிடிமானத்துக்கு இடமே இல்லை. இன்னொன்று ஸ்க்ரூவே இல்லாமல் அமுக்கினால் 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும். விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது, தள்ளி வைத்தேன். மூன்றாவதற்கு நீளமாக ஒரே பல். அது போய் உட்கார ஒரு நீளப் பெட்டி. பெட்டியைச் சுற்றிலும் ரெசின் பிடிக்க நிறைய இடம். ஆலன் கீயால் ஸ்க்ரூவை இறுக்கினால் யானை இழுத்தாலும் வராது என்று சொன்னேன்.

"உங்க இஷ்டம்ப்பா. ஒட்டுறது நீங்க."

கடைசி நாள் மத்தியானம் பலகையில் குழி தோண்டி மூன்று பெட்டிகளையும் புதைக்க வேண்டியதுதான் பாக்கி. மறுநாள் அவளுக்கு வெள்ளனே பஸ். துணிமணி எடுக்க அவள் அம்மாவோடு கடைவீதிக்குப் போயிருந்தாள். போகும்போது, நான் வந்து நிறுத்துத் தருகிறேன், அதுவரை தொடாதீர்கள் என்றாள். நான் பொறுத்திருக்கலாம். மஞ்சு பட்டறைக்குள்ளேயே வந்துவிட்டது. எதிரே நின்ற படகு தெரியவில்லை. இந்தக் குளிரில் இது எப்போது இறுகி, எப்போது தேய்ப்பது? எடை மெஷின் பக்கத்திலேயேதான் இருந்தது. கண்ணளவில் கலக்கினேன். கலக்கிவிட்டு, கை தானாகப் போய் இன்னொரு மூடி ஊற்றியது. இருபத்திரண்டு வருடக் கை.

விடிந்ததும் முதல் ஆளாகப் பட்டறைக்குப் போய்ப் பின்பெட்டியின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தேன். நகம் பதிந்தது. பதிந்த தடம் மேலே வரவில்லை. கீழே வெயிலில் இறுகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் ஊருக்கே தெரிந்த ஃபைபர்காரனின் மானம் என்னாவது? வேண்டுமென்றே செய்தாயா என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் சட்டென்று சொல்ல வராது.

செட்டைகளைக் கழற்றிப் பேப்பரில் சுற்றி, பலகையைக் கம்பளியில் பொதிந்து பஸ் ஸ்டாண்டுக்குத் தூக்கிப் போனோம். "என்னம்மா இது, கதவா?" என்றார் கண்டக்டர். "கதவுதாண்ணே" என்று சொல்லிக் கடைசி சீட்டுக்குப் பக்கத்தில் சொருகினாள். சுலபமாகப் போனது. பாருங்கப்பா என்பதுபோல ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பத்தாம் நாள் அவள் அம்மாவுக்குச் செய்தி வந்தது. தேறவில்லை. இரண்டாவது அலையிலேயே விழுந்துவிட்டாளாம். அவ்வளவுதான் எழுதியிருந்தாள். போர்டு எப்படி இருந்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தான் விழுந்ததாக அவளே சொல்லிவிட்டாள், எனக்கு அது போதுமாயிருந்தது. ஒரு வாரம் கழித்து, ஊருக்கு வரவில்லை, இங்கேயே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்று இன்னொரு செய்தி. எனக்கு வந்த கோபத்தைக் கேட்கவா வேண்டும். சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவள் என்று டீக்கடையில் சொன்னேன், ஜெபக்கூட்டத்தில் சொன்னேன். கால் நிற்காதவளுக்குக் கடல் ஒரு கேடு என்று என் மச்சினன் முன்னால் சொல்லிச் சிரித்தேன். போனில் பேசுவதையும் நிறுத்தினேன். ராத்தூக்கம் மட்டும் சரியாக வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கும் அவள் வரவில்லை. "நீங்க போயிக் கூட்டிட்டு வாங்க. இல்லேன்னா நானே போறேன்" என்றாள் அவள் அம்மா. கேக்கும் ஒரு கட்டு மலைப்பூண்டும் கொடுத்தனுப்பினாள். மூன்று பஸ் மாறி அந்த மீனவக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். என் மகள் கருத்து, தோள் அகன்று, மணலில் நான்கைந்து சின்னப் பிள்ளைகளுக்கு எழுந்து நிற்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கால் நன்றாகத்தான் நின்றது.

என்னைக் கண்டதும் ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டாள். "சாப்டீங்களாப்பா?" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை. ஓலைக் கொட்டகைக்குள் அவள் பலகை கவிழ்த்துக் கிடந்தது. தொழில் கண், அடிவயிற்றுக்குத்தான் போயிற்று. பெட்டிகள் மூன்றையும் காணோம். குழிகளை அடைத்து, செட்டைகளைப் பலகையோடு வைத்து ஃபைபர் துணி போட்டு ஒரேயடியாக ஒட்டியிருந்தது. சுத்தமான வேலை. என்னைவிடச் சுத்தம்.

"பெட்டியெல்லாம் எங்கம்மா?"

"பின்னாடிப் பெட்டி ரெண்டாவது அலையிலயே பேந்துருச்சுப்பா. மத்த ரெண்டும் கையால இழுத்ததுமே வந்துருச்சு."

"நீ விழுந்தேன்னுதான சொன்ன?"

"ஃபின் போனா விழத்தானப்பா செய்யணும்."

குளிர் என்று ஆரம்பித்தேன். அன்றைக்கு மஞ்சு என்றேன். அவள் என் கையைப் பிடித்து, "விடுங்கப்பா. பேந்த எடத்துலயே பாத்தேன். உங்க நகந்தான் பதிஞ்சிருந்துச்சே" என்றாள். குரலில் கோபமே இல்லை. இரண்டு திட்டு திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

நான் தலை நிமிராமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்ததில், மனம் நோகிறேன் என்று நினைத்திருப்பாள்போல. என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாள்.

"நீங்க அன்னிக்கே சொன்னீங்கள்லப்பா, ஒரேயடியா ஒட்டிருவோம்னு. அதாம்ப்பா சரி."

ஒரு சாண் உயரத்துக்கு மூன்று செட்டைகளும் நீட்டிக்கொண்டு நின்றன. ஒன்றைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

"இத பஸ்ல எப்படிம்மா ஏத்துவ?"

"ஏத்தப் போறதில்லப்பா" என்றாள்.