என் பாஸ் கிட்டாருக்குப் பிக்கப் செய்த கிரி அண்ணை

கிரி அண்ணை இறந்துவிட்டாராம்.

காலையில் வாட்ஸப்பில் அவர் படத்தைப் பார்த்தும் நம்பவில்லை. பிக்கப் கேட்டு நச்சரித்தவர்களிடமிருந்து தப்ப, தான் கனடா போய்விட்டதாக ஒருமுறை எல்லோரிடமும் சொல்ல வைத்த மனிதர் அவர். அந்த வாரமே பாரிசின் லா சப்பல் கடைத்தெருவில் முருங்கைக்காய்ப் பையோடு என் எதிரே வந்தார்...

அதனால் போன் திருத்தும் கடை நேசன் அண்ணைக்குக் கோல் எடுத்தேன். அவர் கடையின் நிலவறையில்தான் கிரி அண்ணை வேலை செய்தார்.

"உண்மையாவோ அண்ணை? இல்லாட்டி அவரே சொல்லச் சொன்னவரோ?"

"பிள்ளை, நான் ஆஸ்பத்திரி வாசல்லை நிக்கிறன்."

போனை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

தெரியாதவர்களுக்கு: பிக்கப் என்பது கிட்டாரின் தந்திகளுக்குக் கீழே இருக்கும் சின்னப் பெட்டி. உள்ளே காந்தமும், அதைச் சுற்றித் தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பியும். தந்தியின் அதிர்வை ஆம்பிளிபயருக்குக் கொண்டு போவது அதுதான். பாஸ் கிட்டார்களுக்கு அதைக் கையால் சுற்றிச் செய்து கொடுத்தவர் கிரி அண்ணை.

நான் ஒரு கல்யாண இசைக்குழுவில் பாஸ் வாசிக்கிறேன். ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் ஒரே பேச்சு, "பாஸ் கேக்கேல்லை."

கடைசியில் லீடர் சொல்லிவிட்டார். "தங்கச்சி, இன்னொருக்கா இப்பிடியெண்டால் கீபோர்ட்டின்ரை இடக்கையாலையே பாஸை வாசிப்பம். குறை நினையாதேங்கோ."

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் எடுத்தவள் நான். விசா அலுவல் பார்க்கும் பிரெஃபெக்சரில் அம்மா அப்பாவுக்காகப் பேசுகிறவளும் நான்தான். லீடருக்கு முன்னால் மட்டும் வாய் வரவில்லை. "ஓம் அண்ணை" என்றேன்.

பிக்கப்பை மாற்றிப் பார்க்கலாம் என்றுதான் அந்த நிலவறைக்குப் போனேன்.

"என்ன படிச்சனீ?"

"பிஸிக்ஸ்."

உடனே ஒரு துவாயை எடுத்துத் தன் கம்பி சுற்றும் மெஷினை மூடினார்.

"ஆர் அனுப்பினது?"

"ஒருத்தரும் இல்லை அண்ணை."

"பிஸிக்ஸ் படிச்ச ஆக்கள் இஞ்சை சும்மா வர மாட்டினம்."

எனக்கும் அவர் மேல் சந்தேகம் இருந்தது. சீனாவிலிருந்து வாங்கிப் பெயரைச் சுரண்டி விற்கிறார் என்று ஒரு கதை உலவியது. நான் அவருடைய தட்டில் இருந்த பெட்டிகளைப் பார்த்தேன். அவர் என் கண்ணைப் பார்த்தார்...

என்னை வாசிக்கச் சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பி நின்றார். பிறகு மீட்டரை வைத்துப் பார்த்தார்.

"இதிலை ஒரு பிழையும் இல்லை. உங்கடை குழுவிலை சவுண்ட் மிக்சர் பாக்கிறது ஆர்?"

"லீடரின்ரை மச்சான்."

"கீபோர்ட்?"

"லீடரின்ரை மருமகன்."

இருமல் வரும்வரை சிரித்தார். "அப்ப பழுது பிக்கப்பிலை இல்லைப் பிள்ளை. சொந்தத்திலை."

இவருக்கு எல்லோர் மேலும் சந்தேகம், இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். ஆனால் அன்று இரவே பழைய நிகழ்ச்சி வீடியோக்களைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கீபோர்ட் வாசிக்காத பாட்டில் என் பாஸ் கேட்டது. மருமகன் கீபோர்ட்டில் கை வைத்ததும் காணாமல் போனது. மிக்சரில் என்னைக் குறைத்திருக்கிறார்கள்.

மறுபடி போனேன். "புதுசு ஒண்டு சுத்தித் தாறன்" என்றார். "கிரியின்ரை பிக்கப் போட்டாச்சு எண்டு எல்லாருக்கும் சொல்லு. அதுக்குப் பிறகும் கேக்கேல்லையெண்டால் ஆரிலை பிழை சொல்லுவினம் எண்டு பாப்பம்."

வாங்கப் போன அன்று, வேண்டுமென்றே சொன்ன நேரத்துக்கு முன்பே போய்க் கதவைத் திறந்தேன். வேறு யாருக்கோ சுற்றிக்கொண்டிருந்தார். மெஷின் சுழல, கம்பி அவருடைய இரண்டு விரல்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தது. விரல் நுனிகள் சிவந்திருந்தன.

"வேவு பாக்க வந்தனியோ?"

"ஓம்" என்றேன்.

அவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். அன்று துவாயால் மூடவில்லை.

அடுத்த கல்யாணம் பாரிஸ் புறநகர் ஸ்தேனில் ஒரு மண்டபத்தில். யாரும் அழைக்காமலே கிரி அண்ணை வந்தார். கோட் போட்டுக்கொண்டு. நேரே போய் மிக்சருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சவுண்ட் பார்ப்பவர், அதுதான் லீடரின் மச்சான், திரும்பிப் பார்த்தார். "அண்ணை... நீங்கள் ஆர்?"

"பிக்கப்பின்ரை தகப்பன்."

சாப்பிடக் கூப்பிட்டும் அவர் அசையவில்லை. அன்று என் பாஸ் மண்டபம் முழுக்கக் கேட்டது. ஆடிக்கொண்டிருந்த ஒரு அன்ரி மேடைக்குக் கிட்ட வந்து, "பிள்ளை, நெஞ்சுக்குள்ளை இடிக்குது!" என்று கத்தினார். லீடர் அடுத்த நிகழ்ச்சி எப்போது என்று மட்டும் சொன்னார்.

வேலை செய்தது பிக்கப்பா, பின்னால் நின்ற ஆளா... கிரி அண்ணையிடமே கேட்டேன். "என்ரை பிக்கப்தான், வேறை என்ன" என்றார். அவர் வேறு எப்படிச் சொல்வார்.

இன்று சவுண்ட் பார்ப்பவர் "எங்கள் கிரி அண்ணை" என்று பூமாலைப் படத்தோடு ஒரு பதிவு போட்டிருக்கிறார். நான் லைக் போடவில்லை. இதையும் அவர் வாசிப்பார். வாசிக்கட்டும்.

நாளை வில்லியே லே பெல்லில் கல்யாணம். கொஞ்சம் முன்பு சவுண்ட் பார்ப்பவருக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். "சவுண்ட் செக்குக்கு முதலே வருவன். என்ரை சானல் எது எண்டு காட்டுங்கோ. பாட்டுக்குப் பாட்டு வந்து பாப்பன்."

பார்த்துவிட்டார். நீலக் குறி விழுந்திருக்கிறது.

போயிட்டு வாங்கோ கிரி அண்ணை. நான் நாளைக்கு வேளைக்கே போறன்.