அறுபத்தோரு சின்ன இரண்டுகள்

தங்கச்சிமடம் கில்பர்ட், இராமநாதபுரத்தில் ஹமீது சுல்தானின் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலைக்குச் சேர்ந்தது 1951 ஜூனில். அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வியாழன் மாலை ரயிலேறிப் பாலம் தாண்டி வீட்டுக்குப் போவார், வெள்ளி மாலை திரும்பிவிடுவார். ஆறு வருஷத்தில் மனைவி ஜோதிமேரியோடு ஞாயிறு பூசை கண்டது ஒன்பது தடவை.

1957 ஜூலையில் முதலாளியின் மச்சான் நெய்னா முகம்மது ராமேஸ்வரத்தில் ஓர் அச்சகம் திறந்தார். வேலையாட்கள் பெரும்பாலும் தீவின் கிறிஸ்தவர்கள் என்பதால் அங்கே ஞாயிறு விடுமுறை. வீட்டிலிருந்து சைக்கிளில் போய் வரலாம். ஜோதிமேரிக்கு ஜனவரியில் பேறுகாலம். அதற்குள் ஊரோடு போய்விட வேண்டும் என்று கில்பர்ட் நெய்னாவைப் பார்த்தார்.

"மச்சான் ஒரு வரி எழுதிக் குடுத்தா நாளைக்கே வா. அவரக் கேக்காம உன்னையச் சேத்தா, அவரு தங்கச்சி எனக்குச் சோறு போடமாட்டா. ஜனவரி பதினஞ்சு வரைக்கும் எடம் உனக்குத்தான்."

ஹமீது சுல்தான் முகம் சுளிக்கவில்லை. "கையில இருக்க உப்புப் புத்தகத்த முடிச்சுக் குடு. அப்புறம் நான் ஏன் தடுக்கப் போறேன்?"

அது உப்பளப் பரிசோதகர் ராக்கப்பன் எழுதிய கையேடு. தொண்ணூற்றாறு பக்கம், பக்கமெல்லாம் ரசாயனக் குறியீடுகள். MgCl₂ என்றால் அந்த இரண்டு சின்னதாக, வரிக்குக் கீழே இறங்கி நிற்க வேண்டும். அச்சகத்தில் அப்படிப்பட்ட எண்ணே கிடையாது. தொழுகை நேர அட்டவணைக்காக வாங்கிய பொடி எழுத்தில் இருந்த இரண்டை எடுத்து, அதன் தலைக்கு மேல் மெல்லிய ஈயத் தகடு வைத்துக் கீழே இறக்கினார் கில்பர்ட். பெட்டியில் இருந்த பொடி இரண்டுகள் மொத்தம் பதினொன்று.

"எல்லா ரெண்டையும் ஒரே அளவுல வச்சா என்னய்யா? உப்பு கரிக்காமப் போயிருமா?" என்றார் முதலாளி.

"முன்னால நிக்கிற பெரிய ரெண்டு வேற, கீழ தொங்குற சின்ன ரெண்டு வேற. மாத்தி வச்சா, இதப் பாத்து சோதன பண்றவன் கணக்குத் தப்பி மருந்த ஊத்துவான்" என்று ராக்கப்பன் புரூப்பைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 12 திங்கட்கிழமை வேலை தொடங்கியது. பதினோரு இரண்டுக்கு ஒரு பக்கம்தான் கோக்க முடியும். அடித்து, எழுத்தைப் பிரித்துப் பெட்டியில் போட்டபிறகே அடுத்த பக்கம். பக்கத்துக்கு இரண்டு நாள். கில்பர்ட் கணக்குப் பார்த்தார். மார்ச் கடைசிக்குப் போயிற்று.

செப்டம்பர் 2 முதல் மதியச் சோற்று வேளையில் ஓர் அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். தேய்ந்து ஒதுக்கிய, ஓரளவு பெரிய இரண்டுகளின் மேலும் கீழும் ராவிப் பொடி எழுத்தின் உயரத்துக்குக் கொண்டுவந்தார். நாளொன்றுக்கு மூன்று. பதினேழு வேலை நாளில், வீணான ஒன்று போக, ஐம்பது இரண்டுகள் தேறின, பழையதோடு அறுபத்தொன்று. எட்டுப் பக்கத்தையும் ஒரே இரும்புச் சட்டத்தில் பாரமாக முடுக்க அது போதும். அதன்பின் நாளுக்கு ஒரு பக்கம் ஓடியது. டிசம்பர் 21 சனிக்கிழமை கடைசிப் பாரம் இறங்கியது.

திங்களன்று முதலாளி முன் போய் நின்றார். "நெய்னா முதலாளிக்கு ஒரு வரி எழுதிக் குடுங்க."

"எழுதுறேன். மொதல்ல இதப் பாரு." மேசையில் இரண்டு கையெழுத்துக் கட்டுகள் இருந்தன. "ரெண்டாம் பாகம், மூணாம் பாகம். பதினொண்ணு கிடந்தப்ப இதோட நிறுத்திக்கிருவோம்னுதான் இருந்தேன். அறுபத்தொண்ணு ஆனப்புறம் அந்த மனுசன்கிட்ட எப்படி இல்லேங்கிறது?"

"கூத்தையா கோப்பான், முதலாளி" என்று தன்னிடம் வேலை பழகும் பையனைக் காட்டினார்.

"அவனா? தகட்ட மேல வைக்கிறதா கீழ வைக்கிறதான்னு இன்னிக்கும் உன்னத்தான கேக்கான். இதையும் முடிச்சுட்டுப் போ கில்பர்ட்டு."

பதினொன்றோடு விட்டிருந்தால் மார்ச்சில் முடிந்திருக்கும், நெய்னாவிடம் இரண்டு மாதம் தவணை கேட்டிருக்கலாம் என்று அன்று முழுவதும் கில்பர்ட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

ஜனவரி 13 காலை தந்தி வந்தது. பெண் குழந்தை. இரண்டாம் பாகத்தின் பதினோராம் பக்கத்தைக் கோத்த மட்டில் அப்படியே விட்டுவிட்டு ரயிலேறினார். மறுநாள் மாலை திரும்ப வேண்டியிருந்தது. "எப்ப வருவீக?" என்று ஜோதிமேரி கேட்கவில்லை. "வியாழக்கெழம வாங்க" என்றாள். அந்த வாரமே நெய்னா வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார்.

மே மாதத்தில் ஒருநாள் பாரம் முடுக்கும்போது ஒரு சின்ன இரண்டு தரையில் விழுந்து கூத்தையாவின் காலடியில் நசுங்கியது.

"விடுங்கண்ணே. அறுபதுதான் இருக்கு, ஆகாதுன்னு சொல்லிருவோம். ராக்கப்பன் சாரு புத்தகத்த மதுரைக்குக் கொண்டுபோகட்டும். ஒங்க பாடும் விட்டுச்சு" என்றான் கூத்தையா.

கில்பர்ட் தலையாட்டினார். அந்த இடத்தில் வெற்று ஈயத்துண்டைச் செருகிவிட்டுச் சாப்பிடப் போனார். சோற்றுத் தூக்கைத் திறக்கவில்லை. திரும்பி வந்து பாரத்தைப் பார்த்தார். ஒழுங்காக நின்ற வரிசையில் அந்த ஒரு குழி கண்ணை உறுத்தியது. ஒதுக்கிய பெட்டியைத் துழாவி ஒரு பழைய இரண்டை எடுத்தார். அரம் வழக்கமான இடத்தில், ஜன்னல் கட்டையில் இருந்தது.

மணி இரண்டடிப்பதற்குள் எண்ணிக்கை மறுபடி அறுபத்தொன்று ஆயிற்று.