நத்தாருக்கென்று எடுத்துவைத்த உள்ளாடை

கிறிஸ்து பிறப்பு விழாவான நத்தாருக்குச் சுமார் இரண்டு வாரத்துக்கு முன், மார்கழி இரண்டாம் சனிக்கிழமை நடந்தது இது. ஜேர்மனியின் வுப்பர்டால் நகரில் வசிக்கும் நான், வேட்டை உரிமம் வைத்திருக்கும் என் மைத்துனன் அன்ரனோடு முதன்முறையாகக் காட்டுப்பன்றி வேட்டை பார்க்கப் புறப்பட்டேன். அதற்கென்றே மனைவி மெரினோ கம்பளி உள்ளாடை வாங்கித் தந்திருந்தாள். ஆனால் புது உடுப்பை நத்தார்ப் பூசைக்குத்தான் முதலில் உடுத்துவது எங்கள் வீட்டு வழக்கம். அதை அலுமாரியில் வைத்துவிட்டு, மூன்று பருத்திப் பெனியன்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டேன்.

மலையேறியபோது நன்றாக வியர்த்தது. பிறகு மரப் பரணில் அசையாமல் இருந்தோம். முதலில் பற்கள் தந்தியடித்தன. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்று உடம்பு சுட்டது. நான் கோட்டைக் கழற்றத் தொடங்கினேன்.

"மச்சான், உனக்கென்ன விசரே? ஏன் கழட்டுறாய்?"

"சரியான வெக்கையாக் கிடக்கடா."

"வெக்கையோ? உன்ரை உதடு நீலமாக் கிடக்கு!"

என் சட்டைக்குள் கைவிட்டுப் பார்த்த அன்ரன் திடுக்கிட்டான். பெனியன்கள் மூன்றும் நனைந்து சில்லிட்டிருந்தன. அவற்றைக் களைந்து, தன் பையிலிருந்த உலர்ந்த உடுப்பை எனக்கு மாட்டிவிட்டு, அவசர உதவியை அழைத்தான். குளிரில் விறைத்துச் சாகிறவர்களில் சிலர் கடைசியில் இப்படித்தான் உடுப்பைக் களைவார்கள் என்று பிறகு மருத்துவமனையில் மருத்துவர் சொன்னார்.

இப்போது காட்டுக்குப் போனால், தோலோடு ஒட்டும் மெல்லிய மெரினோவைத்தான் உடுத்துகிறேன். வியர்வையில் நனைந்தாலும் அது சூட்டை விடுவதில்லை. மாற்றுக்கு இன்னொன்று பையில் இருக்கும்.

அந்த நத்தாருக்கு மனைவி பழைய பெனியனையே எடுத்துத் தந்தாள்.

"கோயிலுக்குள்ளை ஹீற்றர் இருக்கு. புது மெரினோ காட்டுக்கு," என்றாள்.